எடைக்குப் போகாத ஒரு லட்சம்: ‘ரோஜா’ முத்தையா சேர்த்த பழைய இதழ்கள் என்ன ஆயின?

சின்னாளப்பட்டியில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த பழைய வீடுகளை இப்போது ஒவ்வொன்றாக இடித்துக் கட்டுகிறார்கள். அப்படி இடிக்கும்போது பரணில் இருந்து என்னவெல்லாம் இறங்கும்? பித்தளை அண்டா இறங்கும், உடைந்த ராட்டை இறங்கும், கூடவே கயிறு போட்டுக் கட்டிய பழைய இதழ்களும் இறங்கும். தாத்தா வாங்கிய ‘கல்கண்டு’, வாராவாரம் பாட்டி கிழித்தெடுத்து பைண்டிங் செய்து வைத்த தொடர்கதைகள், பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து அப்பா படித்த ‘முத்து காமிக்ஸ்’.

அண்டாவை என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். இந்தக் காகிதக் கட்டை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வராது, புது வீட்டில் வைக்க இடமும் இருக்காது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் பழைய பேப்பர் கடைக்காரரைக் கூப்பிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

இதே கேள்வி ஒரு காலத்தில் ஒரு வீட்டின் முன்னால் மிகப் பெரிதாக வந்து நின்றது. அங்கே இருந்தது ஒரு கட்டு அல்ல, சுமார் ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டுக் காகிதங்களும். அவற்றைச் சேர்த்தவர் கோட்டையூர் முத்தையா செட்டியார், பலருக்கும் தெரிந்த பெயரில் சொன்னால் ‘ரோஜா’ முத்தையா. இன்று சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

பெரிய ஜமீனோ பேராசிரியரோ இல்லாத ஒருவர் இத்தனையையும் எப்படிச் சேர்த்தார்? அவர் இறந்த பிறகு அது ஏன் எடைக்குப் போகவில்லை?

யார் இந்த முத்தையா?

சின்னாளப்பட்டியில் இருந்து கிழக்கே நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகப் போனால் காரைக்குடி வரும். அதை ஒட்டிய ஊர்தான் கோட்டையூர். செட்டிநாட்டு ஊர்களில் ஒன்று. கல்விக்காக அள்ளிக் கொடுத்த வள்ளல் அழகப்பரும், காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுத்த ஏ.கே. செட்டியாரும் இதே ஊர்க்காரர்கள்தான்.

முத்தையாவுக்கு ஓவியத்தில் ஆர்வம். சென்னைக்கு வந்தவர், விளம்பரப் பலகை எழுதும் தொழிலைச் செய்தார். தொழிலுக்கு அவர் வைத்த பெயர் ‘ரோஜா ஆர்ட்ஸ்’. கடையின் பெயர் ஆளின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் அவர் கடைசிவரை ‘ரோஜா’ முத்தையா.

ஃப்ளெக்ஸ் பேனர் வராத காலம் அது. கடைப் பலகை, அறிவிப்புப் பலகை எல்லாமே கையால் எழுதுவதுதான். எழுத்தின் வடிவம், அட்டைப் படம், அச்சின் அழகு இதெல்லாம் அந்தத் தொழில் செய்பவர் கண்ணில் தானாகவே படும். ஒரு நூலைப் பார்க்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதோடு, அது எப்படி அச்சாகியிருக்கிறது என்பதையும் பார்க்கிற கண் அது.

மூர் மார்க்கெட் தந்த பழக்கம்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் அப்போது மூர் மார்க்கெட் இருந்தது. சிவப்புக் கட்டடம், உள்ளேயும் வெளியேயும் கடைகள். பழைய கிராமபோன் தட்டில் இருந்து நாய்க்குட்டி வரை எல்லாம் கிடைக்கும். அதில் பழைய புத்தகக் கடைகளுக்கு என்று தனிக் கூட்டமே உண்டு. கல்லூரிப் பேராசிரியரும் வருவார், எழுத்தாளரும் வருவார், பாடப் புத்தகம் தேடும் மாணவரும் வருவார்.

முத்தையாவும் அங்கே போனார். 1950-களில் தொடங்கிய அந்தப் பழக்கம் பிறகு நிற்கவே இல்லை. வீடுகளில் வேண்டாம் என்று தள்ளியதும், படித்தவர் இறந்த பிறகு வாரிசுகள் விற்றதும் கடைசியில் வந்து சேரும் இடம் அந்தக் கடைகள்தான். அங்கிருந்து பொட்டலம் மடிக்கப் போகாமல் முத்தையா கைக்கு வந்தவைதான் பிற்காலத்தில் ஒரு நூலகம் ஆயின.

1985-ல் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. பழைய புத்தகக் கடைகளும் அதில் போயின. அதற்கு முன்பே அங்கிருந்து முத்தையா வாங்கிக்கொண்டு போனவை கோட்டையூரில் பத்திரமாக இருந்தன. சேகரிப்பவர்களைப் பைத்தியம் என்று ஊர் கேலி செய்யும். ஆனால் ஒரே இடத்தில் குவிந்திருப்பதை ஒரே தீ விழுங்கிவிடும் என்பதால், ஒரு பிரதியாவது வேறு ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே புரிகிறது.

1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறு எங்குமே பிரதி இல்லாத சிலவற்றைத் தமிழுலகம் அன்று நிரந்தரமாக இழந்தது.

அவர் எதைச் சேர்த்தார்?

இங்கேதான் முத்தையா மற்றவர்களிடம் இருந்து வேறுபடுகிறார். சங்க இலக்கியம், பக்தி இலக்கியம், அரிய முதல் பதிப்புகள் மட்டும் என்று அவர் நிற்கவில்லை. 19-ம் நூற்றாண்டு அச்சு நூல்களோடு, சித்த மருத்துவக் கையேடு, சோதிடம், நாட்டுப்புறக் கதைப்பாட்டு, சமையல் குறிப்பு, மர்ம நாவல் எல்லாமே அவர் அலமாரியில் இடம் பிடித்தன.

நூலாகவே எண்ணப்படாத பொருள்களையும் அவர் எடுத்து வைத்தார்:

- நாடக நோட்டீஸ்கள்
- சினிமா பாட்டுப் புத்தகங்கள்
- கல்யாணப் பத்திரிகைகள்
- அரசியல் சுவரொட்டிகள்
- தனிப்பட்ட கடிதங்கள்
- செய்தித்தாள் கத்தரிப்புகள்

சினிமா பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பாடல் வரிகளும் கதைச் சுருக்கமும் போட்டுச் சின்னதாக ஒரு புத்தகம் வரும். சில பைசாதான் விலை. படம் ஓடி முடிந்ததும் யாரும் அதைச் சீந்த மாட்டார்கள். தமிழின் ஆரம்ப காலப் பேசும் படங்கள் பலவற்றின் பிரதி இன்று கிடையாது. அந்தப் படத்தில் யார் நடித்தார், என்ன கதை, எத்தனை பாட்டு என்று தெரிந்துகொள்ள மிச்சம் இருப்பது பல நேரங்களில் அந்தப் பாட்டுப் புத்தகம்தான்.

கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான். எந்தச் சாதியில் எப்போது பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டார்கள், எப்போது விட்டார்கள், முகூர்த்தம் குறித்த திருமணத்துக்கு நடுவே சுயமரியாதைத் திருமணம் எப்படி நுழைந்தது, மணப்பெண்ணின் படிப்பு எந்த வருஷத்தில் இருந்து அச்சாகத் தொடங்கியது? ஒரே ஒரு பத்திரிகை இதையெல்லாம் சொல்லாது. ஆயிரம் பத்திரிகைகளை வரிசையாக வைத்தால் சொல்லும்.

அரசு நூலகம் இருக்கிறதே, அது போதாதா?

நியாயமான கேள்வி. 1954-ல் வந்த நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். சென்னையின் கன்னிமாரா நூலகம் அவற்றில் ஒன்று. 1956-ல் செய்தித்தாள்களும் இதழ்களும் இந்தச் சட்டத்துக்குள் வந்தன.

சட்டத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, அதற்கு முந்தைய காலத்து அச்சு அதற்குள் வராது. இரண்டு, நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும் யாரும் நூலகத்துக்கு அனுப்புவதில்லை. சில இதழ்கள் வந்து நின்று போகிற சிற்றிதழ்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். இந்த இடைவெளியைத் தனிமனிதர்களின் பரண்தான் நிரப்பியது.

பழைய இதழ்கள் இல்லையென்றால் பாரதியே பாதிதான் கிடைத்திருப்பார். அவர் எழுதியதில் பெரும்பகுதி அவர் காலத்தில் நூலாகவில்லை. ‘இந்தியா’, ‘சுதேசமித்திரன்’ போன்ற ஏடுகளின் பழைய பக்கங்களில்தான் கிடந்தது. பெரியசாமித் தூரன், ரா.அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன் போன்றவர்கள் பல வருஷம் தேடித்தேடித் தொகுத்ததால் அது நமக்கு வந்தது. அந்த இதழ்களை எங்கோ யாரோ எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான் அவர்களாலும் தேட முடிந்தது.

கோட்டையூருக்கு வந்த ஆய்வாளர்கள்

முத்தையா தன் சேகரிப்பைக் கோட்டையூர் வீட்டில் வைத்திருந்தார். செட்டிநாட்டு வீடுகள் பெரியவை. ஒரு தெருவில் முகப்பு இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். பர்மா, மலேயா வியாபாரம் போன பிறகு அத்தகைய பல வீடுகளின் மரச் சாமான்களும் கண்ணாடிப் படங்களும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. மரத்தையும் பீங்கானையும் வாங்க ஆள் இருந்தது. அதே வீடுகளில் இருந்த காகிதத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில், அப்படிப்பட்ட ஊரில், காகிதத்துக்காகவே ஒரு வீடு இருந்தது.

எங்கும் கிடைக்காத நூல் கோட்டையூரில் கிடைக்கும் என்ற பேச்சு மெல்லப் பரவியது. ஆய்வாளர்கள் தேடி வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் சி.எஸ். லட்சுமி. வாசகர்களுக்கு இவர் எழுத்தாளர் அம்பை. தமிழில் எழுதிய பெண்களைப் பற்றிய ஆய்வுக்காக அவருக்குப் பழைய பெண்கள் இதழ்கள் தேவைப்பட்டன. அந்த மாதிரி இதழ்களை நூலகங்கள் பெரிதாக மதித்து வைத்திருக்கவில்லை. முத்தையா வைத்திருந்தார்.

வை.மு. கோதைநாயகி 1925 முதல் நடத்திய ‘ஜகன்மோகினி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வந்த தொடர்கதைகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்கள் அதிகம். ஒரு பெண்ணே ஆசிரியராக இருந்து, எழுதி, விற்று, பல ஆண்டுகள் நடத்திய இதழ் அது என்று வரலாறு திரும்பிப் பார்த்தபோது அதன் எடை மாறிவிட்டது. எதிர்காலம் எதைத் தேடும் என்று சேர்ப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் மட்டம், உயர்வு என்று பிரிக்காமல் முத்தையா சேர்த்தது பின்னால் வந்தவர்களுக்கு உதவியது.

1992: அந்தக் கேள்வி வந்தது

1992-ல் முத்தையா காலமானார். எல்லாச் சேகரிப்பாளர் வீட்டிலும் வருகிற கேள்வி அந்த வீட்டுக்கும் வந்தது: இனி இதை என்ன செய்வது?

இந்த நிலையில் பொதுவாக மூன்று வழிகள்தான் உண்டு. மொத்தமாக எடைக்குப் போடலாம். அரியவற்றை மட்டும் பொறுக்கித் தனித்தனியாக விற்கலாம். அல்லது முழுவதையும் ஒரே இடத்தில் காப்பாற்றும் ஒருவரிடம் ஒப்படைக்கலாம்.

இரண்டாவது வழி கேட்க நன்றாக இருக்கும், காசும் கிடைக்கும். ஆனால் ஒரு சேகரிப்புக்கு அதிக சேதம் செய்வது அதுதான். முதல் பதிப்புகளையும் அழகான அட்டைகளையும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள். நோட்டீசும் பத்திரிகையும் கத்தரிப்பும் மிச்சமாகிக் குப்பைக்குப் போகும். வரிசை உடைந்தால், வரிசையாக இருந்தபோது அது சொன்ன கதையும் போய்விடும்.

முத்தையாவின் சேகரிப்புக்கு மூன்றாவது வழி வாய்த்தது. அதன் அருமையை அறிந்திருந்த அம்பையும், சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த கவிஞரும் அறிஞருமான ஏ.கே. ராமானுஜனும் பல்கலைக்கழகத்தின் கவனத்தை இதன் பக்கம் திருப்பினார்கள். அங்கே தெற்காசிய நூல் பிரிவைக் கவனித்த ஜேம்ஸ் நை முயற்சியை முன்னெடுத்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் சேகரிப்பை முழுமையாக வாங்கியது.

அப்படியென்றால் எல்லாம் அமெரிக்கா போய்விட்டதா?

இல்லை. இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் இதுதான்.

வாங்கியது சிகாகோ. ஆனால் நூல்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கும் என்று முடிவானது. கோட்டையூரில் இருந்து சேகரிப்பு சென்னைக்கு வந்தது. மொழி அறக்கட்டளையின் துணையோடு முகப்பேரில் நூலகம் தொடங்கியது. பிறகு தரமணிக்கு இடம் மாறியது. கடல் கடந்து போனது நுண்படச் சுருள், அதாவது மைக்ரோஃபிலிம் பிரதிதான்.

இந்த ஏற்பாட்டால் இரண்டு நன்மைகள். மூலம் ஊரை விட்டுப் போகவில்லை. பிரதி இன்னொரு கண்டத்தில் இருப்பதால் மூர் மார்க்கெட்டுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடந்தது இங்கே நடந்தாலும் எழுத்து அழியாது.

தமிழின் ஒரு பெரிய சொத்தைக் காப்பாற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகம் வரவேண்டியிருந்ததே என்ற வருத்தம் பலருக்கு உண்டு. நியாயமான வருத்தம்தான். ஆனால் பணம் கொடுத்து வாங்கியதோடு வேலை முடியவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பட்டியல் போட வேண்டும், உடையும் தாளைச் செப்பனிட வேண்டும், படம் எடுக்க வேண்டும், குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும். சேர்ப்பதற்கு ஒரு மனிதர் போதுமானவராக இருந்தார். காப்பாற்றுவதற்கு ஒரு நிறுவனம் தேவைப்பட்டது.

காகிதம் ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகிறது?

ஓலைச்சுவடி நூற்றாண்டுகள் தாங்குகிறது, 60 வருஷப் பத்திரிகை ஏன் தொட்டால் உடைகிறது? காரணம் வேதியியல். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்து மலிவான தாள் மரக்கூழில் தயாரானது. அதில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகிறது. தாளில் உருவாகும் அமிலம் உள்ளிருந்தே அதன் நாரை அறுக்கிறது. நம்ம ஊர் வெக்கையும் மழைக்கால ஈரமும் இதை வேகப்படுத்தும். மிச்சத்தைக் கரையானும் இராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொள்ளும்.

ஆக, பரணில் பத்திரமாக இருக்கிறது என்று நாம் நினைக்கிற கட்டு, யாரும் தொடாமலேயே அழிந்துகொண்டிருக்கிறது. ஓட்டுக்குக் கீழே இருக்கும் பரண்தான் வீட்டிலேயே அதிகம் சூடாகும் இடம்.

இன்று அந்த நூலகம்

ஒரு லட்சத்தில் தொடங்கிய ரோஜா முத்தையா நூலகம் இப்போது பல லட்சமாக வளர்ந்திருக்கிறது. வேறு பல சேகரிப்பாளர்கள் தங்கள் நூல்களையும் இதழ்களையும் அங்கே கொடுத்ததும் ஒரு காரணம். முத்தையா ஒருவரின் சேகரிப்பு உடையாமல் நின்றதால், அடுத்தவர்களுக்குக் கொடுக்க ஓர் இடம் உருவானது. ஐராவதம் மகாதேவன் முன்னின்று உருவாக்கிய சிந்துவெளி ஆய்வு மையம் 2007 முதல் இங்கே இயங்குகிறது.

முத்தையா இதில் எதையும் பார்க்கவில்லை. அவர் பெயரில் நூலகம் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை.

நம்ம வீட்டுக் கட்டை என்ன செய்யலாம்?

எல்லாப் பரணிலும் ஒரு லட்சம் இருக்காது. எல்லாவற்றையும் காப்பாற்றவும் வேண்டாம். லட்சக்கணக்கில் அச்சான வார இதழின் சமீபத்திய பிரதிகள் பல இடங்களில் இருக்கும். ஆனால் கடைக்காரருக்கு போன் போடுவதற்கு முன்னால் முத்தையாவின் கதை சொல்லித்தரும் சில வேலைகளைச் செய்துவிடலாம்:

- முதலில் பட்டியல்: இதழின் பெயர், மாதம், வருஷம். அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பட்டியல் இல்லாத கட்டை எந்த நூலகமும் எளிதில் ஏற்காது.
- பிரிக்காதீர்கள்: 1972-ல் சிவகாசியில் தொடங்கிய ‘முத்து காமிக்ஸ்’ போன்றவற்றின் பழைய பிரதிகளைத் தேடி வாங்க இன்று ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்றிரண்டை விற்பதற்கு முன்னால், வரிசை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.
- உள்ளூர்க் காகிதத்துக்கு முதலிடம்: சுங்குடிப் புடவைக் கடையின் பழைய விலைப்பட்டியல், நெசவாளர் கூட்டுறவுச் சங்க அறிக்கை, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர். வார இதழ் வேறு ஊரிலும் கிடைக்கும், இது கிடைக்காது.
- செல்லோடேப் வேண்டாம்: பசை தாளைக் கறையாக்கும். கிழிந்தது கிழிந்தபடியே உறைக்குள் போகட்டும்.
- கேட்டுவிட்டுக் கொடுங்கள்: எந்த நூலகத்துக்கும் மூட்டையோடு போய் நிற்காமல் முதலில் பட்டியலை அனுப்பிக் கேளுங்கள். அருகிலுள்ள கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களையும் கேட்கலாம். சின்னாளப்பட்டிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது.
- ஸ்கேன் செய்தால் முழுதாக: அட்டை, விளம்பரம், ஆசிரியர் கடிதம் எல்லாம் சேர்த்து. ஆனால் இணையத்தில் ஏற்றும் முன் கவனம். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு.
- வீட்டில் சொல்லி வையுங்கள்: சேர்த்தவர் நீங்கள் என்றால், உங்களுக்குப் பிறகு இது யாரிடம் போக வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது.

கடைசியில் இருப்பதுதான் முக்கியம். முத்தையாவின் சேகரிப்புக்கு அதன் மதிப்புத் தெரிந்த வாசகர்கள் இருந்தார்கள். கோட்டையூர் வீட்டுக்குள் வந்து படித்துவிட்டுப் போனவர்கள்தான் பிறகு அதைக் காப்பாற்றவும் குரல் கொடுத்தார்கள். பூட்டியே வைத்திருந்தால் அப்படி ஓர் ஆள் கிடைத்திருக்க மாட்டார். ஆகவே பரணில் இருக்கும் கட்டை இறக்கியதும் முதலில் செய்ய வேண்டியது, தூசி தட்டி யாரிடமாவது காட்டுவது. பழைய பேப்பர் கடை நாளைக்கும் திறந்துதான் இருக்கும்.